பொதுப் பெட்டிக்காரர்

யாராவது பாஸ்வேர்டு அடிக்கப் போகிறார்கள் என்றால் அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். தலையைத் திருப்பிக்கொண்டால் போதாதா? அவருக்குப் போதாது. நாலு எட்டு நடந்து ஜன்னலுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டி நிற்பார். வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது. கொடைக்கானலில் ஜூலை மாதம் மஞ்சு இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்கிற சைப்ரஸ் மரமே தெரியாது. அந்த வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "அடிச்சாச்சு தம்பி" என்று நாம் குரல் கொடுத்த பிறகே திரும்புவார். திரும்பினாலும் முதலில் திரையைப் பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்ப்பார், உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல.

நான் அந்த மலையில் ஒரு விடுதிப் பள்ளியின் அலுவலகத்தில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவள். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'பொதுப் பெட்டிக்காரர்' என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதும் இல்லை. எழுதினால் கூச்சப்படுவார்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு மெயில் முகவரி இருந்தது. பெற்றோர் யாருக்கு எழுதுகிறார்கள் என்பது அவரவர் அதிர்ஷ்டம். விடுதிக் கட்டணம் பற்றி டிரைவர் அண்ணனுக்கு மெயில் வரும். பஸ் எப்போது கிளம்பும் என்று எனக்கு வரும். ஒரு ஈஸ்டருக்கு விருந்தினர் அறை ஒன்றை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம். வார்டன் ஒருவருக்குச் சரி சொல்லியிருந்தார், நான் இன்னொருவருக்கு. பெட்டி படுக்கையோடு இரண்டு குடும்பமும் ஒரே கதவு முன்னால் நின்றபோதுதான், ஆளுக்கொரு பெட்டி வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு மெயில் பெட்டியும் ஒரு காலண்டரும் வேண்டும் என்று பிரின்சிபால் முடிவு செய்தார். பண்ணைக்காட்டில் ஒருவர் இந்த வேலை செய்கிறார், இரண்டு லாட்ஜுக்குச் செய்து கொடுத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து வெள்ளனே வந்துவிடுவார். நாங்கள் கதவு திறக்கும்போது படியில் நின்றுகொண்டிருப்பார். முப்பது வயது இருக்கும். ஒல்லி. கடுகு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். லேப்டாப் பையின் மேல் உரச் சாக்கின் பிளாஸ்டிக்கை வெட்டித் தைத்த உறை ஒன்று இருக்கும், மழைக்கு. டீ வேண்டுமா என்று கேட்டால் "தேத்தண்ணி குடுங்க, பால் வேண்டாம்" என்பார். சிலோனிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பம் என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

பொதுப் பெட்டி என்றால் என்ன என்று முதல் நாள் எங்கள் ஐந்து பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"தெருவுல ஒரு பைப்பு இருக்குங்கல்ல, அது மாதிரி. யாரு வேணா வந்து தண்ணி புடிக்கலாம். ஆனா புடிச்சவங்க மூடிட்டுப் போகணும். தொறந்து விட்டுட்டுப் போனா எல்லாருக்கும் நட்டம்."

முதல் வாரமே நாங்கள் பைப்பைத் திறந்துவிட்டோம். பையனுக்குக் கம்பளி வாங்க வேண்டுமா என்று சென்னையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார். இரண்டு வேண்டும் என்று வார்டன் பதில் போட்டார். ஒன்று போதும் என்று நான் போட்டேன். கம்பளியைப் பள்ளியே தரும் என்று கணக்குப் பிரிவிலிருந்து போனது. "நீங்க மூணு பேரும் ஒரே ஸ்கூல்லதான் இருக்கீங்களா?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். பெட்டிக்காரர் சிரித்ததை நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் ஆளுக்கொரு நிறம் கொடுத்தார். ஒரு மெயிலை எடுத்துக்கொள்கிறவர் அதற்குத் தன் நிறத்தைப் பூச வேண்டும். நிறம் பூசியதை மற்றவர் தொடக்கூடாது.

காலண்டர் அதைவிடப் பெரிய கூத்து. ஜீப், விருந்தினர் அறை, கூட்ட அரங்கம், பெற்றோர் வருகிற நாள் எல்லாம் ஒரே இடத்தில் வந்தன. கூடவே எங்கள் சொந்தக் காலண்டர்களும் வந்து சேர்ந்துகொண்டன. புதிதாக வந்திருந்த வார்டன் ஒரு சனிக்கிழமையில், 'மாமியார் வருகை. ஜீப்பில் வட்டக்கானல் போய்விடலாமா?' என்று தனக்காக எழுதி வைத்திருந்தார். அதைப் பிரின்சிபால் உட்பட அத்தனை பேரும் படித்துவிட்டோம். வார்டன் பாவம், அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார், பத்து நிமிடம் ஏதோ தட்டினார். அதன் பிறகு சொந்தக் காலண்டரில் நாம் என்ன எழுதினாலும் மற்றவர்களுக்கு 'நேரம் இல்லை' என்று மட்டும்தான் தெரியும். வார்டன் நன்றி சொல்லப் போனபோது, "எதுக்குங்க நன்றி? அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நான் பாக்கலையே. அது என் சோலி இல்லைங்க" என்றார்.

எதற்கெடுத்தாலும் இந்த வார்த்தைதான். கல்யாணப் பத்திரிகையைக் காட்டினாலும், பையனின் மார்க் ஷீட்டைக் காட்டினாலும், நாமாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் ஒழியப் பார்க்க மாட்டார். சிலருக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. டிரைவர் அண்ணனுக்குத் தெரியவில்லை. "இப்படி ஒருத்தன் பாக்காம இருக்கான்னா அவன்கிட்ட என்னமோ இருக்கு" என்பார். எனக்கும் ஒருமுறை அப்படித்தான் தோன்றியது.

இந்த வார்டனுக்கு முன்னால் இருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் பெங்களூருக்கு மகனிடம் போயிருந்தார். அவர் பெட்டியில் கிடந்த மெயில்களையெல்லாம் பொதுப் பெட்டிக்கு மாற்றுகிற வேலை. பெட்டிக்காரர் பழைய தினசரி காலண்டரின் அட்டை ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். அதைத் திரையின் மேல் செல்லோடேப்பால் ஒட்டினார். அடியில் ஒரு விரல்கடை மட்டும் விட்டிருந்தார். எவ்வளவு மாறியிருக்கிறது என்று காட்டுகிற பச்சைக் கோடு அந்த இடத்தில் மட்டும் ஊர்ந்தது. முந்நூறு சொச்சம் மெயில். ஒன்றின் தலைப்பைக்கூட அவர் பார்க்கவில்லை. அட்டையை உரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் நான் அந்த மெயில்களைப் பிரிக்க உட்கார்ந்தேன். மேலேயே கிடந்தது. தலைப்பு 'அவசரம்'.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கிற ஒரு பெண்ணின் அப்பா சவுதியிலிருந்து எழுதியிருந்தார். சொந்த ஊர் கூக்கால். 'என் மனைவியை மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். மகளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பள்ளிக்குப் போன் போட்டால் மணி அடிக்கவே மாட்டேன் என்கிறது. தயவுசெய்து பிள்ளையை அனுப்பி வையுங்கள்.' திங்கட்கிழமை வந்த மெயில். மழையில் மரம் விழுந்து அந்த வாரம் முழுக்க எங்கள் தொலைபேசி செத்துக் கிடந்தது.

அது பழைய வார்டன் பெட்டியில் ஒரு நாள் கிடந்தது. பொதுப் பெட்டியில் மூன்று நாள் கிடந்திருக்கிறது. அந்த மூன்று நாளும் ஐந்து பேரும் அந்தப் பெட்டியைத் திறந்து மூடியிருக்கிறோம். பழைய வார்டனின் மெயில்தானே, வேறு யாராவது பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். ஒருத்தர் பெட்டியாக இருந்தால் அந்த ஒருத்தர் மேல் பழி போடலாம். ஐந்து பேர் பெட்டியில் யார் மேல் போடுவது?

ஆனால் அப்போது எனக்கு அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. என் செல்லிலிருந்து அவருக்குப் போன் போட்டேன்.

"தம்பி, அந்தப் பெட்டிய மாத்துறப்ப தலைப்பையாவது ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா? 'அவசரம்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு!"

விஷயத்தைச் சொன்னேன். ஆபரேஷன் நேற்றே முடிந்திருக்கும், அம்மா எப்படி இருக்கிறார் என்றே தெரியவில்லை, பிள்ளையை ஜீப்பில் கூட்டிக்கொண்டு இப்போது கிளம்புகிறேன் என்றேன்.

"நான் ஊத்துப் பிரிவுல நிக்கிறேன் மேடம். என்னையும் ஏத்திக்குங்க" என்றார்.

பண்ணைக்காட்டு ரோடு மலைப்பாதையில் வந்து சேருகிற இடம் அது. நாங்கள் போனபோது மழையில் நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. ஜீப்பின் பின்பக்கம் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். பிள்ளை முன்னால் டிரைவர் அண்ணன் பக்கத்தில் இருந்தாள்.

வத்தலக்குண்டில் டீக்கடை முன்னால் நிறுத்தினோம். வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போய்ப் பிள்ளை தூங்கிவிட்டாள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அவர் பேச ஆரம்பித்தார்.

"எங்க அம்மாவுக்கு எழுத்து தெரியாதுங்க மேடம். சிலோன்ல இருக்கிற சித்தி கடுதாசி போடும். எங்க லயத்து வீடுகளுக்குப் பக்கத்துல ஒரு கடை. அந்தக் கடைக்காரர்தான் படிச்சுச் சொல்லுவாரு. சாயங்காலம் கடை நிறைய ஆளு இருக்கும். எல்லாருந்தான் கேப்பாங்க. ஆட்டுக்குட்டி போட்டுச்சு, மழை பெய்யுது, இந்த மாதிரிதான் இருக்கும். எனக்கு ஏழு வயசு இருக்கும். அன்னைக்கு ஒரு கடுதாசி. அம்மாவுக்கு அங்க இருந்தப்பவே ஒரு கல்யாணம் ஆயிருக்கு. அந்தாளு செத்துட்டான்னு சொல்லித்தான் இங்க எங்கப்பாவக் கட்டியிருக்காங்க. அவன் உசிரோட இருக்கான், அங்க ஹட்டன்ல பாத்தேன்னு சித்தி எழுதியிருந்துச்சு."

பிள்ளை தூங்குகிறாளா என்று ஜீப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"கடைக்காரர் கெட்டவர் இல்லைங்க. கண்ணு முன்னாடி இருந்துச்சு, படிச்சாரு. பாதியிலேயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, நிறுத்தத் தெரியல. எங்கப்பா அங்கதான் நின்னாரு, பீடி பத்தவச்சுக்கிட்டு. அப்படியே எறங்கி ரோட்டுல நடந்தாரு. அப்புறம் வரல."

"வரவே இல்லையா?"

"இல்லைங்க."

டம்ளரை அப்படியே கடைப் பலகையில் வைத்துவிட்டார். "அவரு படிச்சுக் கெடுத்தாரு. நான் படிக்காமக் கெடுத்துட்டேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அந்த அம்மா கண் விழித்திருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. மகளைக் கண்டதும் டிரிப்ஸ் ஏறாத கையை நீட்டி, "எங்கடி போன? நேத்து அந்த ரூமுக்குள்ள போற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேனே" என்றார். பிள்ளை கட்டிலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் வார்டு வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே வந்து கட்டிலருகே நின்று, "என் தப்புங்கம்மா. மன்னிச்சுக்குங்க" என்றார். யார் இவர், என்ன தப்பு என்று அந்தக் கூக்கால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? "அதனால என்னங்க தம்பி, பிள்ளையக் கூட்டியாந்துட்டீங்கல்ல" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்ததும் எங்கள் ஒவ்வொருவர் மேஜைக்கும் தனித்தனியாக வந்தார்.

"உங்க பெட்டியில பள்ளிக்கூடத்து மெயிலும் சொந்த மெயிலும் கலந்து கெடக்கு. பிரிக்கணும். தலைப்ப மட்டும் படிக்கலாமா? உள்ள தொறக்க மாட்டேன். வேண்டாம்னா சொல்லிடுங்க, நீங்களே பிரிச்சுக்கலாம்."

எல்லாரும் சரி என்றார்கள். என் முறை வந்தபோது நான் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தேன்.

என் கணவருக்கு நுரையீரல் சரியில்லை. இந்தக் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் திண்டுக்கல்லில் அவர் தங்கை வீட்டில் இருந்தார். நான் பள்ளிக் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கீழே எங்கேயாவது வேலை கிடைக்குமா என்று யாருக்கும் சொல்லாமல் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு இருந்தது பள்ளி கொடுத்த முகவரி ஒன்றுதான். விண்ணப்பமெல்லாம் அதிலிருந்துதான் போனது. பிரின்சிபாலுக்குத் தெரிந்தால் முதலில் குவார்ட்டர்ஸ் போகும். அவர் அப்படிப்பட்டவர். ஏற்கெனவே ஒரு ஆசிரியையை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொன்னதை நான் என் கையால் டைப் செய்திருக்கிறேன்.

மற்றவர்கள் சரி என்ற பிறகு நான் மட்டும் வேண்டாம் என்றால் அதுவே ஒரு சேதியாகிவிடும். "படிச்சுக்குங்க தம்பி" என்றேன்.

என் பெட்டியைப் பிரிக்க மூன்று செவ்வாய்க்கிழமை ஆனது. நான் ஃபைல்களைப் புரட்டுவதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. தேங்காய் உரிக்கிறவர் முகம்போல வேலையில் இருந்தது. அவர் கண்ணில் எதுவும் படவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். மனுஷர் தலைப்பைக்கூட அரைக்கண்ணால்தான் பார்த்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டே மாதம். அட்மிஷன் தொடங்குகிற நேரம். பெற்றோர் நேர்காணலுக்கு நேரம் ஒதுக்குகிற காலண்டரைப் பாதி போட்டு முடித்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பிரின்சிபால் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கால் மணி நேரம்கூட இருக்காது. வெளியே வந்தார். லேப்டாப்பைப் பையில் வைத்தார், பிளாஸ்டிக் உறையைப் போட்டார். என் மேஜையில் ஒட்டிய கவர் ஒன்றை வைத்தார்.

"பாஸ்வேர்டெல்லாம் இதுல இருக்கு மேடம். நான் இனி வரல."

"என்ன தம்பி திடீர்னு? காலண்டர் பாதியில நிக்குதே?"

"போயிட்டு வர்றேன் மேடம்" என்றார். அவ்வளவுதான்.

அந்த மாதம் எங்களுக்கு நரகம். ஒரே நேரத்துக்கு நாலு குடும்பம் வந்து நின்றது. மதுரை, கோவை என்று வாடகைக் கார் எடுத்து மலையேறி வந்தவர்கள் வராந்தாவில் என் முகத்துக்கு நேரே சத்தம் போட்டார்கள். வேறு நல்ல இடம் கிடைத்திருக்கும், போய்விட்டார் என்று பிரின்சிபால் சொன்னார். நான் நம்பினேன். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அவருக்கு ஒரு மெயில் போட்டேன். 'பாதியில் விட்டுவிட்டுப் போவதற்கு உங்கள் வீட்டில் உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?' என்று எழுதினேன். பீடி பற்றவைத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தவரின் மகனுக்கு இப்படி எழுதுகிறோமே என்று எழுதும்போது எனக்குத் தோன்றத்தான் செய்தது. தெரிந்தேதான் எழுதினேன். பதில் ஒரு வரி வந்தது: 'மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம். நேர்காணல் காலண்டரின் பாஸ்வேர்டு கவரில் மூன்றாவதாக இருக்கிறது.'

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. எனக்குக் கீழே வேலை கிடைக்கவில்லை. பிரின்சிபாலுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் அறையைக் காலி செய்கிற நாளில் ஃபைல்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். போகிற நேரத்தில் மனிதர்களுக்கு ஏதோ இளகிவிடுகிறது.

"அந்தப் பண்ணைக்காட்டுத் தம்பிய நான்தான் போகச் சொன்னேன்" என்றார்.

நான் கயிற்றை விட்டேன்.

"நீங்க வேற ஸ்கூலுக்குப் போகப்போறீங்க, பெற்றோர் லிஸ்ட்டை எடுத்துட்டுப் போறீங்கன்னு யாரோ சொன்னாங்க. உங்க பெட்டிய உங்களுக்குத் தெரியாம எனக்குத் தொறந்து குடுங்கன்னு அவர்கிட்ட கேட்டேன். அஞ்சு நிமிஷ வேலை. 'அது என் சோலி இல்லைங்க சார்'னாரு. அப்போ இங்க உங்களுக்கு எந்தச் சோலியும் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"லிஸ்ட்டை யாரும் எடுக்கல சார்" என்றேன்.

"தெரியும். அப்புறம் தெரிஞ்சுது" என்றார்.

அந்தச் சனிக்கிழமை திண்டுக்கல்லுக்குப் போகவில்லை. பண்ணைக்காடு பஸ் ஏறினேன். கடைத்தெருவில் விசாரித்தேன். காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓடு போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவர் அம்மா எட்டிப் பார்த்து, "பள்ளிக்கூடத்து அம்மாவா? வாங்க, வாங்க. தம்பி, யாரு வந்திருக்காங்கன்னு பாரு" என்று கூப்பிட்டார். நான் யார் என்று சொல்வதற்குள்ளேயே அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் வந்தார். அதே ஸ்வெட்டர், முழங்கையில் புதிதாக ஒரு தையல். எங்கள் பள்ளியை விட்ட பிறகு அந்த இரண்டு லாட்ஜும் அவரை நிறுத்திவிட்டன. பிரின்சிபால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். இப்போது ஊரிலேயே பட்டா, சாதிச் சான்றிதழ், பென்ஷன் என்று ஜனங்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறாராம். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார்.

என்ன பேசுவது என்று தெரியாமல் நேரே கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் அவ்வளவு கேவலமா மெயில் போட்ட பிறகாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே அவரு ரூமுக்குள்ள போயிருப்பீங்கக்கா." முதல்முறையாக அக்கா என்றார். "சண்டை போட்டிருப்பீங்க. குவார்ட்டர்ஸ் போயிருக்கும். உங்க வீட்டுக்காரரு திண்டுக்கல்ல தங்கச்சி வீட்டுல ஒண்டிக் கெடக்காரு. நீங்க எங்க போவீங்க? வேலை ஒண்ணும் தெகையலையே உங்களுக்கு."

எனக்குச் சட்டென்று உறைத்தது. வேலை தேடியதை நான் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை. கணவரிடம்கூட, கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன்.

"அப்ப நீங்க பாத்திருக்கீங்க?"

கொஞ்சம் சிரித்தார். "கண்ணு இருக்கேக்கா. படாம எப்படி இருக்கும்? நீங்கதானே தலைப்பப் படிக்கச் சொன்னீங்க. மதுரையில ஒரு காலேஜு, திண்டுக்கல்ல ரெண்டு ஆஸ்பத்திரி. ரெண்டாவது செவ்வாய்க்கிழமை ஒண்ணு வந்திருந்துச்சு, 'வருந்துகிறோம்'னு. நீங்க இன்னும் பாக்கல. டைப் அடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு ஞாபகம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் வெளியே போனவர் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு வந்து என் மேஜையில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். மார்க்கெட்டில் நன்றாக இருந்தது என்றார். சாயங்காலம் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, அழுதுகொண்டே நான் இரண்டு பழம் தின்றேன்.

அட்டை ஒட்டிய அந்த நாளைத் தவிர அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வார்டனின் மாமியாரை, என் விண்ணப்பங்களை, இன்னும் யார் யாருடைய என்னென்னவோ. எங்களுக்குக் கூசக்கூடாது என்பதற்காகத்தான் ஜன்னலுக்கு நடந்த அத்தனை நடையும்.

"வேற என்னல்லாம் பாத்தீங்க தம்பி?" என்று கேட்டேன். பாதி விளையாட்டு, பாதி பயம்.

"அதச் சொன்னா நான் படிச்ச மாதிரி ஆயிடும்க்கா" என்றார்.

கிளம்பும்போது அவருடைய அம்மா ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். மெயிலுக்காக மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பஸ்ஸு வந்துரும், வெரசா நடங்க" என்று அவர் பேச்சை வெட்டிவிட்டார். பஸ் நிற்கிற இடம்வரை கூட வந்தார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு எண்ணம்தான். நான் பயந்துகொண்டு மறைத்து வைத்ததை, என்னைக் கேட்காமலேயே இன்னொருவர் தன் பிழைப்பைக் கொடுத்துக் காவல் காத்திருக்கிறார். இனிமேல் யாரும் அதற்குக் காவல் இருக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை புதிய பிரின்சிபாலிடம் போனேன். நாற்பது வயதுப் பெண், வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. "மேடம், என் கணவருக்கு உடம்பு சரியில்லை. நான் திண்டுக்கல்லில் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் போய்விடுவேன். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நின்றேன்.

அவர் என்னை உட்காரச் சொன்னார். என் கணவருக்கு என்ன செய்கிறது என்று கேட்டார். பிறகு, தனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி ஒன்றின் பெயரைச் சொல்லி, அங்கே ஒரு மெயில் போடட்டுமா என்றார்.

மூன்று மாதத்தில் ஆர்டர் வந்தது. பொதுக் காலண்டரைத் திறந்து, என்ன எழுதினாலும் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், என் பெயரைப் போட்டு 'கடைசி நாள்' என்று எழுதினேன். மறுநாள் காலையில் பார்த்தபோது அதற்குக் கீழே டிரைவர் அண்ணன் எழுதியிருந்தார்: 'ஜீப் இல்லை. அக்கா வீட்டுச் சாமான், திண்டுக்கல். யாரும் கேட்க வேண்டாம்.'